நான்காவது காட்சியைத் தொடாதீர்கள்

தீம் பார்க்குகளைப் பற்றி விரும்பிப் படிப்பவர்களுக்குள் சில வருடங்களுக்கு ஒருமுறை ஒரே சண்டை திரும்ப வரும். பழைய ரைடை மூடலாமா, அப்படியே வைத்திருக்கலாமா? ஒரு கோஷ்டி, "என் சின்ன வயசு ஞாபகம், அதில் கை வைக்காதே" என்கிறது. இன்னொரு கோஷ்டி, "காலாவதியான சரக்கு, தூக்கிப் போட்டுட்டு புதுசா ஏதாவது கட்டு" என்கிறது. ஞாபகத்தையோ வயதையோ மட்டும் வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது என்பது என் கட்சி. முதலில் கேட்கவேண்டியது வேறு: அந்த ரைடு என்ன சொல்கிறது? பழசாகிப் போனதால் அது சொல்வது கெட்டுப்போனதா, அல்லது இன்னும் தெளிவானதா?

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் எங்கேயும் போய்ச் சேராது. அதனால் ஒரே ஒரு ஷோவை எடுத்து வைத்துப் பார்க்கலாம். ஃப்ளோரிடாவில் வால்ட் டிஸ்னி வேர்ல்டின் மேஜிக் கிங்டம் பூங்காவில் இருக்கும் 'கேரசல் ஆஃப் ப்ராக்ரஸ்'. 'முன்னேற்றத்தின் ராட்டினம்' என்று சொல்லலாம். "இதை மூடுங்கள்" என்றும், "கடைசிக் காட்சியையாவது இந்தக் காலத்துக்கு மாற்றுங்கள்" என்றும் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டுமே கூடாது என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் மெஷின்

1964-ல் நியூயார்க்கில் உலகப் பொருட்காட்சி தொடங்கியது. அதற்கு வால்ட் டிஸ்னியின் ஆட்கள் நான்கு அரங்குகளுக்கு ஷோ செய்து கொடுத்தார்கள். ஃபோர்டு கம்பெனிக்கு ஒன்று, இல்லினாய் மாநிலத்துக்கு ஆபிரகாம் லிங்கன் பொம்மை எழுந்து நின்று பேசும் ஒன்று, பெப்சியும் யூனிசெஃபும் சேர்ந்து நடத்திய அரங்குக்கு 'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்', அப்புறம் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனிக்கு இந்த ராட்டினம். பொருட்காட்சி 1965-ல் முடிந்தது. ராட்டினம் 1967-ல் கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டுக்குப் போனது. 1973-ல் அங்கே மூடி, 1975 ஜனவரியில் ஃப்ளோரிடாவில் திறந்தார்கள். இன்றுவரை அங்கேதான் இருக்கிறது.

இதன் அமைப்பு ஒரு இன்ஜினியருக்குப் பார்த்த உடனே பிடித்துப்போகும். நடுவில் அசையாத வட்டம், அதில் ஆறு மேடைகள். அதைச் சுற்றி ஒரு வளையம், அதில் ஆறு பார்வையாளர் பகுதிகள். ஒவ்வொரு பகுதியிலும் ஏறக்குறைய 240 இருக்கைகள். ஆறு மேடைகளில் ஒன்று ஏறுவதற்கு, ஒன்று இறங்குவதற்கு, மீதி நான்கும் காட்சிகள். நாலு நிமிடத்துக்கு ஒருமுறை வளையம் முழுவதும் ஒரு படி சுழலும். நாடகக் கொட்டகையில் திரை விழுந்து காட்சி மாறும். இங்கே காட்சி அங்கேயே இருக்கும், நாம்தான் மாறுவோம்.

கணினி படித்தவர்களுக்கு ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: பைப்லைன். ஆறு கட்டங்கள், ஆறிலும் ஒரே நேரத்தில் வேலை. ஒரு கூட்டம் முடித்து வெளியேறும்போது இன்னொரு கூட்டம் உள்ளே ஏறிக்கொண்டிருக்கும். நாலு நிமிடத்துக்கு 240 பேர் என்றால் மணிக்கு 3,600 பேர். ஒரு பெரிய ரோலர் கோஸ்டரே இந்த எண்ணிக்கைக்குத் திணறும்.

பைப்லைன் என்றால் அதற்கான கட்டுப்பாடும் கூடவே வரும். எந்தக் காட்சியும் மற்றதைவிட நீளமாக இருக்க முடியாது. ஒரு இடத்தில் சிக்கினால் ஆறு கூட்டமும் நிற்கும், பார்த்த காட்சியையே இன்னொரு தடவை பார்க்கவேண்டி வரும். ரொம்ப முக்கியமானது, காட்சிகளுக்கு இருப்பது நான்கே இடம். ஐந்தாவது காட்சி வேண்டுமென்றால் இருக்கிற ஒன்றைத் தூக்கவேண்டும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கதை

ஒரே குடும்பம். அப்பா, அம்மா, மகன், மகள், தாத்தா, பாட்டி, ஒரு நாய். எல்லாம் ஒலிக்கு ஏற்ப வாயும் கையும் அசைக்கும் இயந்திர பொம்மைகள். டிஸ்னி இதற்கு வைத்த பெயர் ஆடியோ அனிமட்ரானிக்ஸ். அப்பா நம்மைப் பார்த்துப் பேசுகிறார். காலம் ஓடுகிறது, குடும்பத்தில் யாருக்கும் வயசே ஆகவில்லை.

முதல் காட்சி 1900-ஐ ஒட்டிய காலம். வீட்டில் கேஸ் விளக்கு, ஐஸ் பெட்டி. புதுசாக வந்த துணி துவைக்கும் மெஷினால் இரண்டு நாள் வேலை ஐந்தே மணி நேரத்தில் முடிகிறது என்று அப்பா பெருமை அடிக்கிறார். யாரோ இரண்டு சகோதரர்கள் பறக்கிற வண்டி செய்கிறார்களாம், அதெல்லாம் நடக்கிற காரியமா என்கிறார். கொட்டகை சிரிக்கிறது. இரண்டாவது காட்சி 1920-கள். வீடு முழுக்க மின்சார ஒயர், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டதும் ஃபியூஸ் போகிறது. உறவுக்காரர் ஒருவர் குளியல் தொட்டியில் உட்கார்ந்து, ஐஸ் கட்டிக்குப் பின்னால் ஃபேனை வைத்துக் காற்று வாங்குகிறார். மூன்றாவது 1940-கள். டிவி வந்துவிட்டது. சுவருக்குக் காகிதம் ஒட்டிக்கொண்டிருக்கும் அம்மா, இந்த வேலைக்கு ஆள் வைத்தால் சம்பளம் கொடுப்பீர்கள்தானே என்று அப்பாவை மடக்குகிறாள்.

ஒவ்வொரு காட்சியிலும் அப்பாவின் எண்ணம் ஒன்றுதான்: இதைவிட வாழ்க்கை வசதியாக ஆக வழியே இல்லை. ஒவ்வொரு முறையும் நாம் சிரிக்கிறோம். அவருக்குத் தெரியாத எதிர்காலம் நமக்குத் தெரியும் என்பதுதான் காரணம். ஷோ முழுக்க ஓடுவது இந்த ஒரே ஜோக்கில்தான்.

இப்போது நான்காவது காட்சி. கிறிஸ்துமஸ் இரவு. 1994-ல் முழுசாக மாற்றி அமைத்தது. பாட்டி கண்ணில் விஆர் கருவி மாட்டிக்கொண்டு விண்வெளி வீடியோ கேம் ஆடுகிறாள். அம்மா வீட்டுச் சாதனங்கள் குரலுக்குக் கட்டுப்படும்படி புரோகிராம் செய்திருக்கிறாள். அப்பா வான்கோழி சமைக்கிறார். தாத்தா பழைய காலத்தை நினைத்து, காரில் போன், லேசர் டிஸ்க், ஹை டெஃபினிஷன் டிவி எல்லாம் அப்போது ஏது என்று அதிசயப்படுகிறார்.

லேசர் டிஸ்க்! நான் போனபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் பெண், "அப்படின்னா என்னப்பா?" என்று கேட்டாள். சிடி மாதிரி, ஆனா சாப்பாட்டுத் தட்டு சைஸுக்கு இருக்கும் என்றேன். அவள் அடுத்த கேள்வி, "சிடின்னா?"

கொட்டகையில் அந்த இடத்தில் பெரியவர்கள் சிரித்தார்கள். அது 1994-ல் எழுதினவர்கள் எதிர்பார்த்த சிரிப்பு கிடையாது. பயனியர் கம்பெனி லேசர் டிஸ்க் பிளேயர் தயாரிப்பை 2009-ல் நிறுத்திவிட்டது. அதாவது, பறக்கிற வண்டியைப் பார்த்து "நடக்காது" என்ற அப்பாவின் நிலைமைக்குத் தாத்தாவும் வந்து சேர்ந்துவிட்டார். முதல் மூன்று காட்சிகளுக்குச் சிரித்த அதே காரணத்துக்காக நான்காவதுக்கும் சிரிக்கிறோம். முன்னதை எழுத்தாளர் யோசித்து எழுதினார். பின்னதைக் காலம் எழுதியது.

இதைக் குறை என்கிறார்கள் பலர். எனக்கு இந்த இடத்தில்தான் ஷோ முழுமை அடைந்ததாகத் தெரிகிறது. நான்கு காட்சிகளும் இப்போதுதான் ஒரே தரத்தில் நிற்கின்றன. நான்கிலும் ஒரு தலைமுறை, "இதோ வந்து சேர்ந்துவிட்டோம்" என்று நம்பி ஏமாறுகிறது. முன்னேற்றம் என்றால் என்ன என்பதற்கு இதைவிட நேர்மையான விளக்கத்தை டிஸ்னி திட்டம் போட்டு எழுதியிருக்க முடியாது.

அடுப்பு சரியாகச் சொன்ன விஷயம்

நான்காவது காட்சியைப் பழசு என்று தள்ளுகிறவர்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. காட்சியின் முக்கிய சம்பவம், பாட்டி கேமில் எடுக்கும் ஸ்கோர். அதை வாய்விட்டுச் சொல்கிறார்கள். குரலுக்குக் கட்டுப்படும் அடுப்பு, அதைத் தனக்கு வந்த உத்தரவு என்று எடுத்துக்கொண்டு வெப்பத்தை 975 டிகிரிக்கு ஏற்றிவிடுகிறது. வான்கோழி கரியாகிறது.

எதிர்காலத்தைக் காட்டுகிற ஷோக்கள் எப்போதும் புது வசதிகளைத்தான் ஊகிக்கும். பெரும்பாலும் தப்பாகப் போகும். இது ஒரு பக்-ஐ ஊகித்திருக்கிறது, அதுவும் அச்சு அசலாக. யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாமல் அறையில் கேட்ட வார்த்தையை உத்தரவாக எடுத்துக்கொள்வது, உறுதி கேட்காமல் செய்வது, 975 என்பது ஒரு அடுப்புக்குப் பொருத்தமான எண்ணா என்று சோதிக்காமல் விடுவது. குரல் உதவியாளர்கள் வீட்டுக்குள் வந்த பிறகு, டிவியில் யாரோ சொன்னதைக் கேட்டு அவை விழித்துக்கொள்வதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மென்பொருள் எழுதுகிற எவருக்கும் இந்தக் காட்சி ஒரு நல்ல பாடம். இன்றைய ஃபோன்களை வைத்து அதை "அப்டேட்" செய்தால் முதலில் காணாமல் போவது இந்த அடுப்பு ஜோக்காகத்தான் இருக்கும்.

இன்னொன்று. நான்கு காட்சிகளிலும் அம்மாவை மட்டும் தொடர்ந்து பாருங்கள். முதலில் வீட்டு வேலை, மூன்றாவதில் சம்பளக் கேள்வி, நான்காவதில் அவள் புரோகிராம் எழுத அப்பா சமையலறையில் கோழியைக் கருக்குகிறார். பெண்களை அடுப்படியில் வைத்திருக்கும் பழைய ஷோ என்று இதன்மேல் ஒரு குற்றச்சாட்டு உண்டு. முதல் காட்சியைத் தனியாக எடுத்தால் அது நியாயம். நாலையும் சேர்த்துப் பார்த்தால், 1994-ல் உட்கார்ந்து ஒரு கம்பெனி எதை முன்னேற்றம் என்று நினைத்தது, எவ்வளவு தூரம் போகத் துணிந்தது, எங்கே நின்றுகொண்டது எல்லாம் வெளிச்சமாகத் தெரியும். நம்மிடம் பேசுகிற உரிமை கடைசிவரை அப்பாவிடம்தான் இருக்கிறது, அதையும் கவனியுங்கள். அந்த ஆதாரம் அப்படியே இருக்கட்டும் என்கிறேன்.

யார் காசு?

"எப்போதும் இன்றைய காலத்தைக் காட்டவேண்டும் என்பதுதானே இந்த ஷோவின் நோக்கம், அப்படியானால் கடைசிக் காட்சியை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டாமா?" இது நியாயமான எதிர்க்கேள்வி. உண்மையில் மாற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். 1964-க்குப் பிறகு 1967, 1975, 1981, 1985, 1994 என்று வரிசையாகக் கடைசிக் காட்சி மாறியிருக்கிறது. 1994-க்கு அப்புறம் அந்த அளவுக்கு ஒரு மாற்றம் நடந்து நான் பார்க்கவில்லை.

இந்தத் தேதிகளை ஸ்பான்சர் கணக்கோடு ஒப்பிட்டால் விஷயம் புரிந்துவிடும். 1964 முதல் 1985 வரை ஜெனரல் எலெக்ட்ரிக் பணம் கொடுத்தது. அந்தக் காட்சியில் இருந்த ஃப்ரிட்ஜும் அடுப்பும் அவர்கள் விற்கிற சரக்கு. சரக்கு மாறினால் காட்சியும் மாறவேண்டும். ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுவதுண்டு. ஆரம்பத்தில் இருந்த பாட்டு, நாளை அற்புதமாக இருக்கும் என்று பாடும். 1975-ல் ஃப்ளோரிடாவில் திறந்தபோது, இந்தக் காலம்தான் நல்ல காலம் என்று பாடும் வேறு பாட்டைப் போட்டார்கள். ஜனங்கள் நாளைக்காகக் காத்திருக்காமல் இன்றைக்கே கடைக்குப் போகவேண்டும் என்று கம்பெனி நினைத்ததுதான் காரணமாம். அந்தக் கதை எப்படியோ, ஸ்பான்சர் போன பிறகு 1994-ல் பழைய பாட்டு திரும்ப வந்தது.

ஆக, "எப்போதும் புதுசாக இருக்கவேண்டும்" என்பது கலைக் கொள்கையாக இருந்ததைவிட விளம்பர ஒப்பந்தமாகத்தான் அதிகம் இருந்திருக்கிறது. விளம்பரதாரர் போனார், தேவையும் போனது. நம் தொழிலிலும் இதைப் பார்க்கிறோம். ஒரு சாஃப்ட்வேர் பழசாவதற்குக் காரணம் அதன் கோடு கெட்டுப்போவது இல்லை, அதற்குப் பணம் கொடுக்கிற டிபார்ட்மென்ட் காணாமல் போவதுதான்.

சரி, யாரோ பணம் போட்டு இன்றைய வீட்டைக் காட்டலாம் என்றே வைத்துக்கொள்வோம். மேடையில் எதைக் காட்டுவது? 1920-ல் மின்சாரம் என்றால் ஒயர் தொங்கும், விளக்கு எரியும், ஃபியூஸ் வெடிக்கும், கண்ணுக்குத் தெரியும். இன்றைய வீட்டில் ஆறு பேர் ஆறு கறுப்புச் சில்லுகளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாடகமாக அதில் ஒன்றுமே இல்லை. அதோடு, இது சினிமா மாதிரி ஒரு வாரத்தில் மாற்றுகிற காரியமும் கிடையாது. வசனம் எழுதி, குரல் பதிந்து, ஒவ்வொரு பொம்மையின் அசைவையும் புரோகிராம் செய்து திறப்பதற்குள் காட்டின போனுக்குப் பதில் வேறு போன் வந்திருக்கும். இந்த ஓட்டப்பந்தயத்தில் ரப்பர் முகம் வைத்த பொம்மை ஜெயிக்கவே முடியாது.

பாதி ரிப்பேர் என்ற ஆபத்து

பழைய ஷோவுக்குக் "கொஞ்சம் புது மசாலா" போடுவது எப்படி முடியும் என்பதற்கு அதே பூங்காவில் ஒரு உதாரணம் இருக்கிறது. 'என்சான்டட் டிக்கி ரூம்' 1963-ல் டிஸ்னிலேண்டில் திறந்தது. கூரையிலிருந்து தொங்கும் இயந்திரப் பறவைகள் பாடும். ஃப்ளோரிடாவில் அதன் இன்னொரு வடிவம் 1971-லிருந்து இருந்தது. ரொம்ப மெதுவாகப் போகிறது என்று 1998-ல் அதற்குள் அலாதீன் படத்து ஐயாகோ கிளியையும், லயன் கிங் படத்து ஸாஸுவையும் புது முதலாளிகள் என்று கொண்டுவந்தார்கள். பழைய பாட்டு தொடங்கும்போதே ஐயாகோ குறுக்கிட்டு, இதெல்லாம் போர் என்று கிண்டல் அடிக்கும்.

விமர்சனமாகப் பார்த்தால் இது விநோதமான தவறு. ஷோ தன்னைத்தானே கேலி செய்துகொண்டது. பழசை விரும்பி வந்தவருக்கு அவமானம், புதுசாக வந்த குழந்தைக்கு எதைக் கிண்டல் செய்கிறார்கள் என்றே புரியாது. 2011 ஜனவரியில் ஒரு தீ விபத்து, ஐயாகோ பொம்மை சேதமானது. அதே ஆகஸ்டில் திறந்தபோது இரண்டு முதலாளிகளையும் காணோம். பழைய ஷோவைக் கொஞ்சம் சுருக்கித் திரும்பக் கொண்டுவந்திருந்தார்கள். 1998-ன் ஜோக் பதிமூன்று வருடத்தில் செத்துப்போனது. 1963-ன் ஷோ இன்னும் ஓடுகிறது.

அப்போ எதையுமே மூடக்கூடாதா?

மூடலாம், மூடவும் வேண்டும். இந்த ராட்டினத்தோடு நேரடித் தொடர்புள்ள ஒன்றையே சொல்கிறேன்.

1973-ல் டிஸ்னிலேண்டில் ராட்டினம் காலியானதும் அதே சுழலும் கொட்டகைக்குள் 1974-ல் 'அமெரிக்கா ஸிங்ஸ்' என்ற ஷோவை வைத்தார்கள். மிருக பொம்மைகள் அமெரிக்கப் பாட்டு வரலாற்றைப் பாடும். அது 1988-ல் மூடப்பட்டது. அதிலிருந்த மிருகங்களில் பெரும்பாலானவை 1989-ல் திறந்த 'ஸ்பிளாஷ் மவுன்டன்' தண்ணீர் ரைடுக்குள் போய்ச் சேர்ந்தன. இரண்டு வாத்துப் பொம்மைகளின் தோலை உரித்து, உள்ளிருந்த இரும்பை 'ஸ்டார் டூர்ஸ்' வரிசையில் ரோபோக்களாகவே நிறுத்திவிட்டார்கள். ஸ்பிளாஷ் மவுன்டனை "மாற்றக்கூடாத அசல்" என்று பிற்காலத்தில் வாதாடியவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நீங்கள் அசல் என்று கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பதே வேறொருவருடைய மூடப்பட்ட சின்ன வயசு ஞாபகத்தின் உதிரி பாகங்கள். ஞாபகத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால் எந்த வருடத்தோடு நிறுத்துவது?

அந்த ரைடின் கதை 1946-ல் வந்த 'ஸாங் ஆஃப் த சவுத்' படத்திலிருந்து எடுத்தது. அமெரிக்கத் தெற்கின் தோட்டத்தில் கறுப்பின மக்களின் வாழ்க்கையை ஏதோ சந்தோஷமான பொற்காலம்போலக் காட்டுகிறது என்று படம் வந்தபோதே எதிர்ப்பு எழுந்தது. அமெரிக்காவில் வீட்டு வீடியோவாக அதை டிஸ்னி வெளியிடவே இல்லை. தன் கடையில் விற்க வெட்கப்படுகிற படத்துக்கு மலை கட்டி வைத்திருந்தார்கள். 2020-ல் மாற்றத்தை அறிவித்து, 2023-ல் மூடி, 2024-ல் அதே தண்ணீர்ப் பாதையில் டியானா கதையை வைத்துத் திறந்தார்கள்.

புது ரைடு பழையதைவிட நன்றாக இருக்கிறதா என்பது தனி விவாதம். மூடியது சரி. காரணம் வயசு இல்லை. 1989-ல் திறந்த அன்றே அதில் அந்தக் கோளாறு இருந்தது. ராட்டினத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். ராட்டினம் பழசாகப் பழசாக அது சொல்வது இன்னும் உண்மையாகிறது. ஸ்பிளாஷ் மவுன்டனோ ஒரு பொய்யை மறைத்து வைத்திருந்தது. வருடம் ஆக ஆக அந்த மறைப்புதான் கிழிந்தது.

இன்னொரு வகையும் உண்டு, பழசு என்ற கேள்வியே எழாதது. நியூயார்க் கோனி ஐலண்டின் 'சைக்ளோன்' மரக் கோஸ்டர் 1927-ல் கட்டியது. 1988-ல் நகரம் அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. பென்சில்வேனியாவின் 'லீப் த டிப்ஸ்' 1902-ஐச் சேர்ந்தது. இவற்றை எப்படிக் காப்பது என்பதில் சிக்கல் இருக்கலாம், ஏன் காக்கவேண்டும் என்பதில் சண்டை குறைவு. வயிற்றைப் புரட்டும் இறக்கத்துக்குக் கருத்து ஒன்றும் கிடையாது, புவியீர்ப்புக்கு ஃபேஷன் மாறாது. பேசுகிற ரைடுகள்தான் பழசாகின்றன. ஆனால் அரசாங்கமும் சட்டமும் இரும்பையும் மரத்தையும் பார்த்துத்தான் சின்னம் என்று அடையாளம் போடுகின்றன. வசனத்துக்கும் பாட்டுக்கும் பொம்மையின் கையசைவுக்கும் அப்படி ஒரு பாதுகாப்பு கிடைப்பது அபூர்வம். அதனால்தான் ஒரு ஷோ போனால் போனதுதான்.

போனதுக்கு ஒரு உதாரணம்

ராட்டினத்துக்கு ஒரு தம்பி இருந்தது. அதே வளாகத்தில் எப்காட் பூங்காவில் 1983-ல் திறந்த 'ஹொரைஸன்ஸ்'. ஸ்பான்சர் அதே ஜெனரல் எலெக்ட்ரிக். ராட்டினத்தின் தொடர்ச்சியாகத்தான் பலரும் அதைப் பார்த்தார்கள். அதன் ஆரம்பப் பகுதியில் ஒரு அழகான யோசனை இருந்தது. பழைய காலத்தவர்கள் எதிர்காலத்தை எப்படிக் கற்பனை செய்தார்கள் என்று வரிசையாகக் காட்டும். ஜூல் வெர்ன் காலத்து விண்வெளிப் பயணத்திலிருந்து தொடங்கி, நேற்று கண்ட நாளைகள். காலாவதியான எதிர்காலத்தை மறைக்காமல் பெயர் சொல்லி மேடையில் வைத்தால், அது கேலிக்குரியதாக இல்லாமல் ரசிக்கத்தக்கதாக ஆகும் என்று டிஸ்னி ஆட்களுக்கே தெரிந்திருக்கிறது.

1993-ல் ஸ்பான்சர் விலகியது. 1999 ஜனவரியில் ஹொரைஸன்ஸ் கடைசியாக மூடியது. 2000-ல் கட்டடத்தை இடித்தார்கள். அந்த இடத்தில் 2003-ல் 'மிஷன் ஸ்பேஸ்' வந்தது. இப்போது ஹொரைஸன்ஸைப் பார்க்க ரசிகர்கள் எடுத்த மங்கலான வீடியோக்கள்தான் கதி. படத்தில் எல்லாம் இருக்கிறது, அதற்குள் உட்கார்ந்து நகர்ந்த அனுபவம் மட்டும் இல்லை. நாவலோ சினிமாவோ பழசானால் அலமாரியில் கிடக்கும், முப்பது வருடம் கழித்து ஒருவர் எடுத்துப் பார்க்கலாம். தீம் பார்க் ஷோவுக்கு அலமாரி கிடையாது. ஓடிக்கொண்டிருந்தால் இருக்கிறது, நிறுத்தினால் இல்லை.

மேஜிக் கிங்டம் பூங்காவில் 1971-லிருந்து இருந்த 'மிஸ்டர் டோட்ஸ் வைல்ட் ரைடு' 1998-ல் போனது. ரசிகர்கள் பூங்காவுக்குள்ளேயே கூடி எதிர்ப்புக் காட்டினார்கள், பலிக்கவில்லை. அடுத்து வந்த வின்னி த பூ ரைடின் சுவரில் டோட் தன் வீட்டுப் பத்திரத்தை ஆந்தையிடம் கொடுப்பதுபோல ஒரு படம் மாட்டியிருக்கிறார்கள். ரசிகர்கள் அதைக் கண்டுபிடித்துக் கொண்டாடுவார்கள். எனக்கு அதில் பெரிய சந்தோஷம் இல்லை. வீட்டை இடித்துவிட்டு வாசல் நம்பர் பலகையை மட்டும் கொடுப்பது மாதிரி.

சரி, என்ன செய்யலாம்?

எதிர்த்தரப்புக்கும் வலு இருக்கிறது, அதை ஒதுக்கமாட்டேன். பூங்கா ஒன்றும் மியூசியம் கிடையாது. இடம் விலை உயர்ந்தது. பெரும் காசு கொடுத்து முதல்முறை வருகிற ஒரு குடும்பத்துக்கு, என்னைப் போன்ற ஆராய்ச்சிப் பைத்தியங்களின் ஆசைக்காகப் பாதிக் கொட்டகை காலியாக ஓடவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வால்ட் டிஸ்னியே தன் பூங்கா ஒருபோதும் முடிவடையாது, மாறிக்கொண்டே இருக்கும் என்று சொன்னவர்.

ஆனாலும் கணக்கைப் பாருங்கள். இது மணிக்கு ஆயிரக்கணக்கானவரை வரிசையே இல்லாமல் உள்ளே வாங்கும் இடம். ஃப்ளோரிடா வெயிலில் இருபது நிமிடம் ஏசி. குழந்தை தூங்கும், பாட்டி கால் நீட்டுவாள், இதய நோயாளியும் பார்க்கலாம், உயரக் கட்டுப்பாடு இல்லை. எத்தனை பேர் கூச்சல் போட்டார்கள் என்று அளக்கிற கணக்கில் இந்தப் பயன் ஏறாது. பூங்கா முழுக்கப் பரபரப்பு ரைடுகளாக நிரம்ப நிரம்ப, இப்படி ஒரு இடத்தின் மதிப்பு கூடத்தான் செய்யும்.

என்னைக் கேட்டால் செய்யவேண்டியது மூன்று. முதலாவது, நான்காவது காட்சியின் மேல் "1994" என்று வெளிப்படையாகப் போட்டுவிடுங்கள். முதல் மூன்றுக்கும் காலம் சொல்கிற அப்பா, இதற்கும் சொல்லட்டும். அந்த ஒரு எண் போதும், "பழசாகிவிட்டது" என்ற புகார் அன்றைக்கே செத்துவிடும். இரண்டாவது, காசை வசனத்தில் போடாமல் மெஷினில் போடுங்கள். வளையம் சிக்காமல் சுழலவேண்டும், பொம்மையின் விரல் விழக்கூடாது, ஒலி தெளிவாக இருக்கவேண்டும். பழசாகத் தெரிவதும் கேட்பாரற்றுக் கிடப்பதும் வேறு வேறு. கிழிந்த ரப்பர் கையைப் பார்த்து யாருக்கும் வரலாற்று உணர்ச்சி வராது. மூன்றாவது, நாளையைக் காட்ட ஆசை இருந்தால் அதற்கு வேறு இடத்தில் வேறு ஷோ கட்டுங்கள். இங்கே இருப்பது நான்கே இடம். புதுசாக ஒன்றை நுழைக்க எதைத் தூக்குவீர்கள்? 1900-ஐயா, 1920-களையா, 1940-களையா?

எந்த ரைடைப் பற்றிச் சண்டை வந்தாலும் இரண்டு கேள்வி கேட்டுப் பார்க்கிறேன். பழசானதால் இது சொல்வது தெளிவாகிறதா, கிழிகிறதா? இதை எடுத்துவிட்டால் வேறு எங்கேயாவது இதற்கு ஈடு இருக்கிறதா? கிழிகிறது என்றால் தயங்காமல் மூடலாம். தெளிவாகிறது, ஈடும் இல்லை என்றால் வைத்திருக்கவேண்டும். இந்த ராட்டினம் இரண்டாவது வகை. லேசர் டிஸ்க்கை அதிசயம் என்று நம்பும் தாத்தா அந்த மேடையில் இருக்கும்வரை, நம் கையில் இருக்கிற போனைப் பற்றி நமக்கும் கொஞ்சம் சந்தேகம் இருக்கும். அந்தச் சந்தேகத்தை இருபது நிமிடத்தில், சிரிக்க வைத்தே கற்றுக்கொடுக்கிற இடம் வேறு எனக்குத் தெரியவில்லை.